குழந்தைகள் வார்டுக்கு வரும் நர்சிங் மாணவர்களுக்கு எதை முதலில் சொல்லிக்கொடுப்பது

குழந்தைகள் வார்டுக்கு போஸ்டிங் வரும் மாணவர்கள் கையில் ஒரு பதிவேடு இருக்கும். இத்தனை ஊசி, இத்தனை ட்ரிப், இத்தனை மூக்குக்குழாய் என்று கையெழுத்து வாங்கியாக வேண்டும். அதனால் வந்த அன்றே ஊசி போட வாய்ப்பு கிடைக்குமா என்று தேடுகிறார்கள், வார்டில் இருக்கும் நாமும் வேலை நடந்தால் சரி என்று விட்டுவிடுகிறோம். இந்த வரிசையே தலைகீழ் என்பது என் கருத்து. குழந்தைகள் வார்டில் நான் அதிகம் பயப்படுவது ஊசி போடத் தெரியாத மாணவரைப் பார்த்து அல்ல, குழந்தை மோசமாகிக்கொண்டிருப்பது கண்ணில் படாத மாணவரையும் மருந்துக் கணக்கில் தடுமாறும் மாணவரையும் பார்த்துத்தான். முதலில் கண், அப்புறம் கணக்கு, கை கடைசியில்.

முதல் நாள் எந்தக் குழந்தையையும் தொட விடாதீர்கள். கட்டிலுக்கு ஓரடி தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள்: நிறம் எப்படி இருக்கிறது, அம்மா முகத்தைப் பார்க்கிறதா, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா, மூக்கு விடைக்கிறதா, மூச்சு விடும்போது முனகல் கேட்கிறதா. மடியில் அமைதியாக இருக்கும் எட்டு மாதக் குழந்தையிடம் ஸ்டெதஸ்கோப்போடு நேராகப் போனால் அது வீறிட்டு அழும், அதற்குப் பிறகு எண்ணுகிற மூச்சுக் கணக்கு எதற்கும் உதவாது. அதனால் மூச்சை முதலில் எண்ண வேண்டும், தெர்மாமீட்டரும் பி.பி. பட்டையும் கடைசியில்தான். எண்ணும்போது முழு ஒரு நிமிடம். கைக்குழந்தையின் மூச்சு சீராக இருக்காது, பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு மூச்சு விட்டுப்போனாலும் பிழை நான்காகிவிடும். 2 மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60, 2 முதல் 11 மாதம் வரை 50, ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் 40: இதைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு. இந்த மூன்று எண்ணும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும்.

பெரியவர்கள் வார்டில் பழகி வந்தவர்களிடம் மாற்ற வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. பி.பி. நன்றாக இருக்கிறது, கவலையில்லை என்று எழுதிவிட்டுப் போவார்கள். குழந்தையின் உடம்பு ரத்தக்குழாய்களை இறுக்கி, இதயத்தை வேகமாக ஓடவிட்டு, பி.பி.யைக் கடைசி வரை பிடித்து வைத்திருக்கும். அது இறங்கும்போது ஏற்கெனவே தாமதம். அதற்கு முன்பே நாடி ஏறியிருக்கும், கைகால் சில்லிட்டிருக்கும், நெஞ்செலும்பின் மேல் ஐந்து வினாடி அழுத்தி விட்டால் நிறம் திரும்ப இரண்டு மூன்று வினாடிக்கு மேல் ஆகும். இன்னொன்றும் சொல்லிவிடுங்கள். மூச்சுத் திணறலோடு நிமிடத்துக்கு 170-ல் ஓடிக்கொண்டிருந்த கைக்குழந்தையின் நாடி 70-க்கு வந்தால் அது நார்மல் இல்லை. பிராணவாயு போதாமல் இதயம் தளர்கிறது. அந்த நேரத்தில் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டு நிற்கக் கூடாது, ஆளைக் கூப்பிட்டு, கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக்கை எடுக்க வேண்டும்.

அடுத்தது கணக்கு. தியரியாக நடத்தாமல் வார்டில் இருக்கும் மருந்து பாட்டில்களையே மேஜையில் வரிசையாக வைத்து நடத்துங்கள். 8 கிலோ குழந்தை, பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி., ஆக ஒரு வேளைக்கு 120 மி.கி. 5 மி.லி.யில் 120 மி.கி. இருக்கும் சிரப் என்றால் 5 மி.லி. 5 மி.லி.யில் 250 மி.கி. என்றால் 2.4 மி.லி. ஒரு மி.லி.யில் 100 மி.கி. இருக்கும் சொட்டு மருந்து என்றால் வெறும் 1.2 மி.லி. அந்தச் சொட்டு மருந்தைச் சிரப் என்று நினைத்து 5 மி.லி. கொடுத்தால் 500 மி.கி. உள்ளே போய்விடும், தேவையைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். இதை ஒரு முறை தானே போட்டுப் பார்த்த மாணவர் லேபிளைப் படிக்காமல் மூடியைத் திறக்க மாட்டார்.

எடை கிலோவில்தான், முடிந்தவரை இன்று எடுத்ததாக இருக்க வேண்டும். ஒரு வேளைக்கான அளவா, ஒரு நாளைக்கான அளவா என்று ஆர்டரைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். 5.0 என்று எழுதாமல் 5 என்றும், புள்ளி மட்டும் வைத்து ஐந்து போடாமல் 0.5 என்றும் எழுதிப் பழக வேண்டும். புள்ளி கண்ணில் படாவிட்டால் டோஸ் பத்து மடங்காகிவிடும். இருவர் சரிபார்க்கும்போது ஒருவர் விடையைச் சொல்லிவிட்டு மற்றவர் தலையாட்டுவது சரிபார்ப்பே ஆகாது. தனித்தனியாகப் போட்டு, அப்புறம் ஒப்பிட வேண்டும்.

கைக்கு வருவோம். ஊசி, ட்ரிப் ஏற்ற ரத்தக்குழாயில் வைக்கும் கேனுலா இதெல்லாம் செய்யச் செய்யத்தான் வரும், ஆனால் வலியைப் பற்றிச் சொல்லாமல் செய்ய விடாதீர்கள். பேசத் தெரியாத குழந்தையின் வலியை அளக்க ஃபிளாக் (FLACC) அளவுகோல் இருக்கிறது: முகம், கால், உடலசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை கொடுத்து, பத்துக்கு எவ்வளவு என்று பார்ப்பது. அதிலும் ஒரு கண்ணி உண்டு. அசையாமல் சத்தமில்லாமல் படுத்திருக்கும் குழந்தைக்கு வலி இல்லை என்று மாணவர்கள் எழுதிவிடுவார்கள், அசைந்தால் வலிக்கும் என்பதால்கூட அது அப்படிக் கிடக்கலாம். பச்சிளங்குழந்தைக்கு ஊசி என்றால் தாய்ப்பால் குடிக்கும்போதே போடலாம், அல்லது வார்டின் நடைமுறைப்படி இரண்டு நிமிடம் முன்பு சர்க்கரைக் கரைசல் கொடுக்கலாம். கொஞ்சம் வளர்ந்த குழந்தையை நாலு பேர் அமுக்கிப் பிடிப்பதைவிட அம்மா மடியில் அணைத்து உட்காரவைத்துச் செய்வது நல்லது. வலிக்கவே வலிக்காது என்று பொய் சொல்ல வேண்டாம். அடுத்த முறை அந்தக் குழந்தை யாரையும் நம்பாது.

பெற்றோர் விஷயம். பிரிட்டனில் 1950-கள் வரை பல மருத்துவமனைகள் பெற்றோரைக் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் விட்டதில்லை, மருத்துவமனையில் குழந்தைகள் நலம் பற்றி 1959-ல் வந்த பிளாட் அறிக்கைதான் தடையில்லாமல் பார்க்க விடச் சொன்னது. இன்றும் அவசரத்தில் முதலில் வெளியே அனுப்பப்படுவது அம்மாதான். "நேத்து இருந்த மாதிரி இல்லைங்க" என்று ஓர் அம்மா சொன்னால் அந்த வாக்கியத்தை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதவும், டியூட்டி மாற்றும்போது சத்தமாகச் சொல்லவும் பழக்குங்கள்.

சொல்லிக்கொடுக்க நேரம் எங்கே என்று கேட்பீர்கள். ஆள் பற்றாக்குறையில் தனி வகுப்பெல்லாம் நடக்காது, உண்மைதான். தினமும் நடக்கும் டியூட்டி மாற்றத்தையே வகுப்பாக்குங்கள்: ஒரு குழந்தையை மாணவரே சொல்லட்டும், இப்போது என்ன நிலை, என்ன பின்னணி, தனக்கு என்ன தோன்றுகிறது, என்ன செய்ய வேண்டும் என்று நாலே விஷயம். தவறாகச் சொன்னால் எல்லார் முன்னாலும் திட்டாதீர்கள். திட்டு வாங்கியவர் அடுத்த முறை சந்தேகம் வந்தாலும் வாயைத் திறக்க மாட்டார், அந்த மௌனம் குழந்தைக்குத்தான் ஆபத்து.

கடைசியாக, வார்டில் ஒரு குழந்தை இறந்தால் அங்கே இருந்த மாணவரை அப்படியே விடுதிக்கு அனுப்பிவிடாதீர்கள். அன்றே பக்கத்தில் உட்கார்ந்து என்ன நடந்தது, எதனால் நடந்தது என்று விளக்குங்கள், அழுதால் அழ விடுங்கள். தன் கை பட்டதால்தானோ என்ற கேள்வி அவர் மனதில் கட்டாயம் இருக்கும், அவர் கேட்காவிட்டாலும் நீங்களே அதை எடுத்துப் பேசுங்கள். அடுத்த டியூட்டியில் உடம்பு தேறி வரும் ஒரு குழந்தையை அவர் பொறுப்பில் விட்டு, இரண்டு மூன்று நாள் கண்காணித்து, தூக்கமோ சாப்பாடோ கெட்டிருந்தால் கல்லூரி ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.