டெல்டாவில் ரோஜா: குழி வெட்டாதீர்கள்

ஆடி பிறந்தால் செடி வண்டிகள் தெருவுக்குள் வந்துவிடும். கறுப்புப் பையில் இடுப்புயரச் செடி, ஒவ்வொன்றிலும் நாலு மொட்டு. வாங்கியவர்கள் கார்த்திகையில் கேட்பது ஒரே கேள்விதான்: "தண்ணி ஊத்துனேன், எருவும் போட்டேன், ஏன் பட்டுப்போச்சு?" வெயில் படும் இடத்தில் வைக்க வேண்டும், பூச்சியைக் கவனிக்க வேண்டும் என்பதெல்லாம் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் வருஷா வருஷம் நடக்கிற தப்புகள் மட்டும் இங்கே.

பூவைப் பார்த்துச் செடி வாங்குவது

பெரிய பூ விளையும் ஓசூர் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே. அந்த ராத்திரிக் குளிர் நம் ஊரில் கிடையாது. ஓசூரில் வெட்டுப் பூவுக்கு வளர்ப்பதில் பெரும்பகுதி மழை படாத பசுமைக்குடிலுக்குள் வேறு வளர்கிறது. உள்ளங்கை அகலத்துக்குப் பார்த்து வாங்கிய பூ, சித்திரையில் பாதியாகச் சுருங்கி, இதழ் ஓரம் கருகித்தான் வரும். மஞ்சள் ரகங்கள் பலவற்றுக்குக் கரும்புள்ளி நோய் சீக்கிரம் பிடிக்கும். அந்தப் பூஞ்சை தொற்றுவதற்கு இலை ஏழு மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தால் போதும். ஐப்பசி அடைமழையில் நாள் முழுக்க ஈரம்தான். இதழ் நெருக்கமான ரகங்களின் மொட்டுகள் மழையில் விரியாமலே அழுகும்.

முதல் செடியாகப் பன்னீர் ரோஜா வையுங்கள். எட்வர்டு ரோஜா என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் ஒட்டுப்போடாமல் குச்சி வைத்தே வளர்ப்பதால், கிளை கருகினாலும் அடியிலிருந்து அதே பூதான் துளிர்க்கும். அடுத்தது ஆந்திரா ரெட், பிறகு பட்டன் ரோஜா. இவை ஒரு வருஷம் தாக்குப்பிடித்தால் பெரிய பூ ரகங்களுக்குப் போகலாம்.

குழி வெட்டி நடுவது

டெல்டாவில் ரோஜாவைக் கொல்வதில் முதல் இடம் இதற்குத்தான். ஒன்றரை அடி ஆழம், ஒன்றரை அடி அகலம், உள்ளே மணலும் எருவும் என்று எல்லாக் கையேடும் சொல்கிறது. வல்லம் பக்கத்துச் செம்மண்ணில் அது சரி. காவிரி, வெண்ணாற்றுப் பாசனத்துக் களிமண்ணில் அப்படி வெட்டினால் நீங்கள் கட்டுவது ஒரு தண்ணீர்த் தொட்டி. குழியில் போட்ட பொலபொல மண் மழையை ஒரே மூச்சில் குடித்துவிடும். சுற்றியுள்ள களிமண் அதை வாங்கிக்கொள்ளாது. மண்வெட்டி ஈரக் களியைச் சீவிய இடத்தைக் கவனியுங்கள்: சுவர் மெழுகியது போலப் பளபளக்கும். தண்ணீர் கசிய இருந்த நுண்துளைகளும் அதில் அடைபட்டுப் போகின்றன. வேர் காற்றில்லாமல் மூச்சடைத்துச் சாகிறது.

இதைவிட எரிச்சலூட்டுவது, குழியின் அடியில் செங்கல் ஜல்லி பரப்பிவிட்டு "வடிகால் வச்சிருக்கேன்" என்பது. மேலே இருக்கும் பொடிமண் முழுக்க ஊறிச் சொதசொதக்கும் வரை தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கவே இறங்காது. இறங்கினாலும் அதற்கும் கீழே களிதான், எங்கே போகும்?

அடுத்து நடப்பது இன்னும் மோசம். வேர் அழுகிய செடி உச்சி வெயிலில் வாடித் தொங்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னொரு குடம் ஊற்றுவார்கள். அடி இலைகள் மஞ்சளாகிக் கொட்டும். சத்துக் குறைவு என்று ஒரு கை யூரியா போடுவார்கள். மண் ஈரமாக இருக்கும்போது செடி வாடினால் கோளாறு வேரில்தான். சந்தேகமிருந்தால் செடிக்குப் பக்கத்தில் நாலு விரல் ஆழம் தோண்டி முகர்ந்து பாருங்கள், சாக்கடை வாடை வரும். வேரைப் பிடித்து இழுத்தால் தோல் உருவிக்கொண்டு கையோடு வந்து, நூல் மாதிரி நடுநரம்பு மட்டும் மிஞ்சும். நல்ல வேர் அப்படி உரியாது.

நடுவதற்கு முன் ஒரு சோதனை போதும். ஒன்றரை அடிக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு குச்சியை நட்டு அளந்து பாருங்கள். மணிக்கு ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் அங்கே குழி நடவு கூடாது.

அப்படியானால் மேட்டுப்பாத்தி. இது நமக்குப் புதிதல்ல. கும்பகோணம் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்களில் பாத்தியை உயர்த்தி இடையில் வாய்க்கால் விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான். முதலில் தரையை ஒரு சாண் ஆழம் கொத்தி விடுங்கள். இதைக் காய்ந்த மண்ணில் செய்ய வேண்டும், சேற்றில் அல்ல. அதன்மேல் மூன்றடி அகலம், ஒன்றரை அடி உயரத்துக்குப் பாத்தி. கலவை: தோட்டத்து மண் 2 சட்டி, செம்மண் 2 சட்டி, நன்றாக மக்கிய தொழுவுரம் 1 சட்டி, கருக்கிய உமி 1 சட்டி. களிமண்ணில் கொஞ்சமாக மணல் கலப்பது வீண், காய்ந்ததும் கல்லாகிவிடும். செடிக்குச் செடி மூன்றடி. ஒட்டுச்செடியானால், காட்டு ரோஜாத் தண்டில் நல்ல ரகத்தை ஒட்டுப்போட்ட முடிச்சு மண்ணுக்கு மேல் இரண்டு அங்குலம் தெரிய வேண்டும். பாத்தியைச் சுற்றி அரையடி வாய்க்கால் எடுத்து அதை வெளியே வடிய விடுங்கள். வடியாத வாய்க்கால் எடுத்ததும் எடுக்காததும் ஒன்றுதான். முதல் மழையில் பாத்தி தணிந்துபோகும், தையில் மண் போட்டு உயர்த்த வேண்டும்.

ஏற்கெனவே குழியில் நட்டுவிட்டவர்கள் பொங்கல் கழிந்ததும் வேர்மண்ணோடு தோண்டி மேட்டுக்கு மாற்றலாம். அதுவரை குழி விளிம்பிலிருந்து வெளியே ஒரு வாய்க்கால் வெட்டிவிடுங்கள்.

ஐப்பசியில் நடுவது

குளுகுளுவென்று இருக்கிறதே என்று நடாதீர்கள். தை, இல்லாவிட்டால் ஆடிக் கடைசி.

மண் உருண்டையோடு அப்படியே புதைப்பது

வண்டிச் செடியின் வேரைச் சுற்றிப் பெரும்பாலும் பிசுபிசுப்பான மண் உருண்டை இருக்கும். அப்படியே வைத்தால் வேர் வெளியே வராது. வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் ஊற வைத்து, வெளிப்பக்கம் ஒரு விரல் கனத்துக்கு மண்ணைக் கரைத்துவிட்டு நடுங்கள். உருண்டை முழுவதையும் கழுவித் தள்ள வேண்டாம்.

மழைக்கு முன்னால் கவாத்து

அக்டோபர் முதல் டிசம்பர் வரை கவாத்துக் காலம் (கிளைகளை வெட்டிவிடும் காலம்) என்று பொதுவாகச் சொல்வதை நம்பி, ஐப்பசி முதல் வாரமே கத்தரியை எடுப்பவர்கள் அநேகம். நமக்கு வடகிழக்குப் பருவமழை அந்த மாதங்களில்தான் கொட்டுகிறது. வெட்டுவாய் காயவே காயாது. அதன் வழியாகப் பூஞ்சை இறங்கிக் கிளை நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே வரும். நுனிக்கருகல் என்பது இதுதான். அடிவரை வந்துவிட்டால் செடி போனதுதான்.

மார்கழிக் கடைசி வரை பொறுங்கள். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்டுங்கள். கறுத்த கிளையானால் உள்தண்டு வெள்ளையாகத் தெரியும் வரை இறக்கி வெட்ட வேண்டும். வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்துத் தடவுங்கள். ஒரு செடி முடிந்து அடுத்த செடிக்குப் போகுமுன் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். சித்திரையில் கடுங்கவாத்து கூடாது; நிழல் போன தண்டு வெயிலில் வெந்துபோகும்.

போர் தண்ணீரைக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுவது

வேதாரண்யம், நாகப்பட்டினம் கரையோரம் உப்பு ஏறிய தண்ணீர் அதிகம். இலை ஓரம் தீய்ந்தாற்போல் ஆனால் உப்பைச் சந்தேகியுங்கள். தினமும் அரைக் குடம் தெளித்தால் உப்பு மேல்மண்ணிலேயே தங்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வேர் ஆழம் வரை நனைய ஊற்றினால் கீழே இறங்கும். அதற்கும் மேட்டுப்பாத்திதான் வேண்டும். கொழுந்து மட்டும் வெளுத்து நரம்பு பச்சையாக இருந்தால் இரும்புச் சத்து ஏறவில்லை. முதலில் வடிகாலைப் பாருங்கள், அப்புறம் மருந்துக் கடை. விறகுச் சாம்பல் போடுகிறவர்கள் நிறுத்துங்கள், மண்ணின் காரம் இன்னும் கூடும்.

சாயங்காலம் இலையை நனைப்பது

வேண்டாம். காலையில், வேருக்கு.

முட்டை ஓடு, டீத்தூள்

குப்பைக்குழிக்குப் போகட்டும்.

ஒட்டுக்குக் கீழே கிளம்பும் போத்தை விட்டுவைப்பது

"செடி நல்லா தழைஞ்சிருக்கு, பூதான் இல்ல" என்றால் பெரும்பாலும் அடித்தண்டான காட்டு ரோஜாவிலிருந்து கிளம்பிய போத்துதான். இலை எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மண்ணை விலக்கி எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். முடிச்சுக்குக் கீழே என்றால், வெட்டாமல் கீழ்நோக்கிப் பிய்த்து எடுங்கள். வெட்டினால் அதே இடத்தில் ரெண்டாக வரும்.

தொட்டியைத் தரையில் வைப்பது

மழைக்காலத்தில் அடித்துளையைச் சேறு அடைத்துக்கொள்ளும். இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். துளைக்குள் ஒரு குச்சியை விட்டு வாரம் ஒருமுறை குத்திப் பாருங்கள்.