டாக்டர் ஹூ ஒலி நாடகங்கள்: எந்த எண்ணிலிருந்து தொடங்குவது?

டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைவு டிவி தொடரை ஒட்டி வரும் ஒலி நாடகங்களைக் கேட்கலாம் என்று முடிவு செய்த அன்று, பட்டியலைத் திறந்து 50ஆம் எண்ணைத் தேர்ந்தெடுத்தேன். அரைச் சதம் ஆயிற்றே, ஏதாவது விசேஷம் இருக்கும் என்று ஒரு கணக்கு. விசேஷம் இருக்கத்தான் செய்தது. தொடரின் 40ஆம் ஆண்டுக்காக 2003இல் வந்த 'ஸேக்ரியஸ்' அது. ஏறக்குறைய 4 மணி நேரம் ஓடும். வேறொரு கதை முடிந்த இடத்திலிருந்து நேராகத் தொடங்கும். அந்த வேறொரு கதையை நான் கேட்டிருக்கவில்லை. யார் பேசுகிறார்கள், எதற்காகக் கத்துகிறார்கள் என்று புரியாமல் அரை மணி நேரத்தில் ஹெட்போனைக் கழற்றி வைத்தவன், ஒரு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை.

நீங்கள் அப்படி மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன்.

முதல் படி: தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான்

டிவி தொடரை முழுவதும் பார்த்துவிட்டுத்தான் இங்கே வர வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கியது. அதையெல்லாம் பார்த்து முடிப்பதற்குள் தலை நரைத்துவிடும். இவ்வளவு தெரிந்தால் போதும்: டாக்டர் வேற்றுக்கிரகவாசி. நீலநிறப் போலீஸ் தொலைபேசிப் பெட்டி போலத் தெரியும் டார்டிஸ் என்ற வாகனத்தில் காலத்திலும் விண்வெளியிலும் சுற்றுவார். வெளியே சின்னப் பெட்டி, உள்ளே மாளிகை. கூட ஒரு தோழியோ தோழனோ இருப்பார்கள். சாகப்போகும் நிலை வந்தால் அவருக்கு உடல் மாறிவிடும். புது நடிகர் வருவார்.

டிவி தொடர் 1989இல் நின்றுபோனது. 1996இல் பால் மெக்கான் நடித்த ஒரே ஒரு டிவி படம். அப்புறம் 2005 வரை புது டிவி தொடர் கிடையாது. அந்த இடைவெளியில்தான் பிக் ஃபினிஷ் என்ற நிறுவனம் உரிமம் வாங்கி, 1999 ஜூலையில் முதல் ஒலி நாடகத்தை வெளியிட்டது. பழைய டாக்டர்கள் மூன்று பேர், பீட்டர் டேவிசன், காலின் பேக்கர், சில்வெஸ்டர் மெக்காய், அதில் நடித்தார்கள். முகத்தில் வயது ஏறியிருந்தாலும் குரல் அப்படியே இருந்தது. இந்தத் தொழிலே அதை நம்பித்தான் நடக்கிறது. எண் போட்டு வந்த முதன்மை வரிசை மட்டும் 2021 மார்ச்சில் 275ஆம் எண்ணோடு முடிந்தது. இப்போது ஒவ்வொரு டாக்டருக்கும் தனித்தனி வரிசையாக, பெரும்பாலும் பாக்ஸ் செட்டாக வருகிறது.

275ஐயும் வரிசையாகக் கேட்க வேண்டாம். யாரும் உங்களுக்குப் பரிசு தரப்போவதில்லை.

இரண்டாம் படி: ஒரு குரலைப் பிடித்துக்கொள்ளுங்கள்

டிவியில் பார்த்துப் பழகிய டாக்டர் இருந்தால் அவரிடமிருந்தே தொடங்கலாம். டேவிட் டெனன்ட் 2016இல் கேத்தரின் டேட்டோடு வந்தார். கிறிஸ்டஃபர் எக்கல்ஸ்டன் 2021இல் வந்தார். நீண்ட கழுத்துத்துணி சுற்றிய டாம் பேக்கர் 2012 முதல் இருக்கிறார்.

ஆனால் என் சிபாரிசு வேறு. டிவியில் சரியாக வாய்ப்புக் கிடைக்காதவர்களிடம் போங்கள், ஒலி நாடகத்தின் அருமை அங்கேதான் தெரியும். காலின் பேக்கரைப் பாருங்கள். 1980களில் டிவியில் அவருக்குக் கிடைத்தது கண்ணைக் குத்தும் பல வண்ணக் கோட்டும், சண்டைக்கார வசனங்களும். கடைசியில் பதவியும் பறிபோனது. ஒலி நாடகத்தில் அந்தக் கோட்டு நம் கண்ணில் படாது! அதுவே பாதி வெற்றி. மீதிப் பாதி ஈவ்லின் ஸ்மைத் என்ற தோழி. 55 வயது வரலாற்று விரிவுரையாளர். குரல் கொடுத்தவர் மேகி ஸ்டேபிள்ஸ். டாக்டர் அலட்டினால் நம் வீட்டு அத்தை மாதிரி அதட்டி உட்கார வைப்பார். அந்த அதட்டலில்தான் இந்த டாக்டர் நமக்குப் பிடித்தவராக மாறுகிறார். 6ஆம் எண், 'த மரியன் கான்ஸ்பிரஸி', இருவரும் சந்திக்கும் கதை.

இன்னொருவர் பால் மெக்கான். டிவியில் அவர் நாயகனாக நடித்தது அந்த ஒரே ஒரு படம்தான். அவர் டாக்டராக வாழ்ந்ததெல்லாம் 2001 முதல் ஒலியில்தான். 2013இல் ஒரு குறும்படத்தில் அவர் திரையில் மறுபடி வந்து, உருமாறுவதற்கு முன்னால் தன் தோழர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி விடைபெறுவார். சார்லி, க்ரிஸ், லூசி, டாம்ஸின், மோலி. ஐவருமே ஒலி நாடகத்தில் பிறந்தவர்கள். டிவி மட்டும் பார்ப்பவர்களுக்கு அவை வெறும் பெயர்கள். கேட்டவர்களுக்குத் தொண்டை அடைத்தது.

மூன்றாம் படி: முதல் கதை

மெக்கானின் 'ஸ்டார்ம் வார்னிங்', 16ஆம் எண். 1930 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கிளம்பிய ஆர்101 என்ற பிரிட்டிஷ் ஆகாயக் கப்பல் பிரான்சில் விழுந்து எரிந்து 48 பேர் இறந்தார்கள், இது நிஜம். கதையில் அந்தக் கப்பலில் டாக்டர் வந்து இறங்குகிறார். ஆண் வேடமிட்டுத் திருட்டுத்தனமாக ஏறிய சார்லி பொல்லார்ட் என்ற பெண்ணைச் சந்திக்கிறார். வரலாற்றின்படி அவள் இறந்திருக்க வேண்டும். அவர் காப்பாற்றிவிடுகிறார். காலத்துக்கு இவர் பட்ட அந்தக் கடன் பல நாடகங்களுக்கு வட்டியோடு துரத்துகிறது.

அடுத்து 29ஆம் எண், 'த சைம்ஸ் ஆஃப் மிட்நைட்'. எழுதியவர் ராபர்ட் ஷியர்மன். 1906, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, ஒரு பணக்கார வீட்டின் வேலைக்காரர்கள் பகுதி. கடிகாரம் மணி அடிக்க அடிக்க ஒவ்வொருவராகச் சாகிறார்கள். இதற்கு மேல் சொன்னால் பாவம். இரவில் தனியாகக் கேளுங்கள்.

டேவிசனின் 'ஸ்பேர் பார்ட்ஸ்', 34ஆம் எண், மார்க் பிளாட் எழுதியது. டாக்டரின் பழைய எதிரிகளான சைபர்மேன்கள் எப்படி உருவானார்கள் என்ற கதை. அதில் யாரும் உலகை ஆளக் கிளம்பவில்லை. குளிரில் செத்துக்கொண்டிருக்கும் ஒரு கிரகத்து ஏழை ஜனங்கள், பிழைப்பதற்காக உடம்பின் ஒவ்வொரு பாகத்தையும் இரும்புக்குக் கொடுக்கிறார்கள். 2006 டிவி கதை ஒன்றின் நிறைவில் பிளாட்டுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள்; அதற்கு இந்த நாடகம்தான் காரணம். அதேபோல ஷியர்மனின் 'ஜூபிலி'யில் சிறைபட்டுக் கிடக்கும் ஒற்றை டாலெக் (டாக்டரின் பரம எதிரி இனம்), 2005இல் அவரே எழுதிய 'டாலெக்' என்ற டிவி கதைக்கு விதையானது.

நான்காம் படி: கேட்கும் முறை

பழைய நாடகங்கள் பெரும்பாலும் 4 பகுதிகள். ஒரு பகுதி சுமார் 25 நிமிடத்திலிருந்து அரை மணி. நாளுக்கு ஒன்று போதும். பாத்திரம் தேய்த்துக்கொண்டே, நடந்துகொண்டே கேட்கலாம். வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டே முடியாது. கண் எழுத்தில் ஓடினால் காது வசனத்தை விட்டுவிடும்.

பிரிட்டிஷ் உச்சரிப்பு நமக்குக் கொஞ்சம் இடறும். தொடங்கும் முன் நடிகர் பட்டியலை ஒருமுறை பார்த்து, மொத்தம் எத்தனை பாத்திரம் என்று தெரிந்துகொள்ளுங்கள். முதல் பகுதியை இரண்டு தடவை கேட்டாலும் தப்பில்லை. நானே அப்படித்தான். வேகத்தைச் சற்றுக் குறைத்தும் வைக்கலாம், ஆனால் பின்னணி இசை இழுபடும்.

வானொலியில் சினிமா ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே படம் ஏற்கெனவே கண்ணில் இருக்கும். இங்கே இல்லை, எழுதுபவர்தான் வார்த்தையால் காட்ட வேண்டும். சுமாரான எழுத்தாளர் "ஐயோ, கதவு திறக்கிறது, பச்சையாக ஒரு கை வருகிறது!" என்று பாத்திரத்தையே வர்ணனை செய்ய வைப்பார். நல்லவர் காலடி எதிரொலியை வைத்தே அறை எவ்வளவு பெரிது என்று காட்டிவிடுவார். நடிகர்கள் தனித்தனித் தடுப்பறைகளில் நின்று பேசுகிறார்கள். காற்று, கதவு, வெடிச்சத்தம் எல்லாம் பிறகு சேர்ப்பவை. நாடகத்தோடு வரும் பேட்டிகளில் இதெல்லாம் பேசுவார்கள். அவற்றை முதலில் கேட்காதீர்கள், முடிவை உடைத்துவிடுவார்கள்.

ஐந்தாம் படி: கிளைத் தொடர்கள்

நாலைந்து கதை கேட்ட பிறகு டாக்டரே இல்லாத தொடர்களுக்குப் போகலாம். 'காலிஃப்ரே' டாக்டரின் சொந்த கிரகத்து அரசியல். சூழ்ச்சி பிடித்தால் கேளுங்கள். 'ஐ, டாவ்ரோஸ்' டாலெக்குகளைப் படைத்தவனின் கதை, இளம் பருவத்திலிருந்து, 4 பாகம். ரிவர் சாங், மிஸ்ஸி, டார்ச்வுட் எல்லாம் புது டிவி தொடர் பார்த்தவர்களுக்கு. பெர்னிஸ் சம்மர்ஃபீல்ட் என்ற தொல்லியல் பெண்மணியின் தொடர் 1998இலேயே வந்துவிட்டது. டாக்டர் ஹூ உரிமம் கிடைக்கும் முன்பே.

எனக்குச் செல்லம் 'ஜாகோ அண்ட் லைட்ஃபுட்'. 1977 டிவி கதை ஒன்றில் வந்துபோன இரண்டு துணைப் பாத்திரங்கள்: நாடகக் கொட்டகை முதலாளி ஜாகோ, பிரேதப் பரிசோதனை செய்யும் பேராசிரியர் லைட்ஃபுட். விக்டோரியா காலத்து லண்டனில் பேய், பிசாசு, வேற்றுக்கிரக வில்லங்கங்களை விசாரிப்பார்கள். 30 வருடம் கழித்து அதே நடிகர்கள், கிறிஸ்டஃபர் பெஞ்சமினும் டிரெவர் பாக்ஸ்டரும். 2010இல் தொடங்கி 13 சீசன். 2017இல் பாக்ஸ்டர் காலமானதும் நின்றது. ஜாகோ வாயைத் திறந்தால் மோனைதான், ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களாக அடுக்கித் தள்ளுவார். மேடைத்தமிழ் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த ஆங்கிலம் அந்நியமாகவே படாது.

ஆறாம் படி: வாங்குவது

பிக் ஃபினிஷ் தளத்தில் கணக்கு தொடங்கி டவுன்லோடாக வாங்கலாம். அவர்களுடைய செயலியிலேயே கேட்கலாம். விலை பவுண்டில் இருக்கும், அதனால் பெரிய பாக்ஸ் செட்டில் கை வைக்காமல் முதலில் ஒற்றைக் கதை வாங்குங்கள். தள்ளுபடி அடிக்கடி வரும்.

சரி, 50ஆம் எண் என்ன ஆனது? சார்லியின் கடன் 33ஆம் எண், 'நெவர்லாண்ட்'டில் வசூலுக்கு வருகிறது. அது முடியும் இடத்தில்தான் 'ஸேக்ரியஸ்' ஆரம்பம். 16, 29, 33 கேட்டுவிட்டு ஒரு நாள் ராத்திரி ரயிலில் மறுபடி அதைப் போட்டேன். பாதி இன்னும் புரியவில்லை. யார் கத்துகிறார்கள் என்பது மட்டும் இந்தத் தடவை தெரிந்தது.