புதிய லாயத்துக்கு வந்த குதிரை: முதல் வாரங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் பல குதிரைகள் புதிய உரிமையாளர்களோடு வண்டியேறுகின்றன. சந்தையின் கூட்டமும் இரைச்சலும், பல மணி நேரப் பயணமும், முன்பின் அறியாத கொட்டிலும், கூடவே நின்ற துணையின் பிரிவும் ஓரிரு நாள்களுக்குள் அந்தக் குதிரையின்மேல் வந்து விழுகின்றன. இறங்கியதிலிருந்து ஓயாமல் கனைப்பதையும், கொட்டிலுக்குள் சுற்றிச்சுற்றி வருவதையும், தீவனத்தை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதையும் பார்த்து, ‘முரட்டுக் குதிரையை நம் தலையில் கட்டிவிட்டார்கள்’ என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். கூட்டமாக வாழப் பிறந்த விலங்கின் அச்சத்தை அடங்காமை என்று எடுத்துக்கொள்ளும் இந்த முடிவிலிருந்துதான் மற்ற பல தவறுகளும் பிறக்கின்றன.

சாட்டையைக் காட்டி அதட்டுவதும், தலைக்கயிற்றைக் குட்டையாகக் கட்டிப் பின்கால்களுக்கும் கயிறு போட்டு நிறுத்துவதும் அவற்றுள் மிகக் கொடியவை. ஆபத்து என்று தோன்றினால் ஓடித் தப்புவதே குதிரையின் இயல்பு. அந்த வழியையும் அடைத்துவிட்டால் அதன் பதற்றம் கூடுமே தவிரக் குறையாது. குட்டைக் கயிற்றால் உடலுக்கும் கேடு உண்டு. பயணத்தின்போது தலையைத் தாழ்த்த முடியாமல் கட்டப்பட்ட குதிரையின் மூச்சுக்குழாயில் தூசியும் சளியும் தேங்கி, அடுத்த சில நாள்களில் நுரையீரல் அழற்சியாக மாறக்கூடும். ஆகவே, வந்த குதிரையை அவிழ்த்துவிட்டு, புல்லைத் தரையிலேயே போட்டு, தலையைத் தாழ்த்தித் தின்ன விடவேண்டும். முதல் நான்கைந்து நாள்கள் காலையும் மாலையும் உடல் வெப்பத்தை அளந்து குறித்து வைப்பது அவசியம். ஓய்விலிருக்கும் வளர்ந்த குதிரைக்கு 38.5 பாகை செல்சியசைத் தாண்டினால் கால்நடை மருத்துவரை அழைத்துவிட வேண்டும்.

களைத்து வந்திருக்கிறதே என்று அன்றைக்கே கொள்ளையும் தவிட்டையும் அள்ளி வைப்பது அன்பினால் செய்யப்படும் தவறு. குதிரையின் இரைப்பை உடலளவுக்குச் சிறியது. தின்றாலும் தின்னாவிட்டாலும் அதில் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். புல்லை மெல்லும்போது ஊறும் உமிழ்நீரே அந்த அமிலத்தை ஆற்றுகிறது. எனவே, பல மணி நேரம் வெறும் வயிற்றோடு நிற்கும் குதிரைக்கு இரைப்பைப் புண் வரும் வாய்ப்பு கூடுகிறது. தானியமோ, அளவு மீறினால் சரியாகச் செரிக்காமல் பெருங்குடலுக்குச் சென்று அங்குள்ள நுண்ணுயிர்களின் சமநிலையைக் குலைத்து, வயிற்றுவலியையும் குளம்பழற்சியையும் உண்டாக்கும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பழைய இடத்தில் என்ன தின்றது, எவ்வளவு, எந்த நேரத்தில் என்று விற்பவரிடம் கேட்டு, முடிந்தால் அதே தீவனத்தில் ஒரு மூட்டையையும் வாங்கிவந்து, புதிய தீவனத்தை 10 முதல் 14 நாள்களில் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுவதே பாதுகாப்பானது. 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 4.5 முதல் 6 கிலோ வரை உலர்ந்த புல் தேவைப்படும். குதிரைமசால் நல்ல தீவனம்தான், ஆனால் அதையும் மெல்லமெல்லத்தான் பழக்க வேண்டும்.

தண்ணீரைத் தொட்டியில் நிரப்பிவிட்டுப் போய்விடுவதும் தவறு. ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீர் பழகாத குதிரை, தாகத்தோடு நின்றாலும் வாய் வைக்காமல் இருக்கக்கூடும். வாளியில் வைத்தால்தான் எவ்வளவு குடித்தது என்பது தெரியும். வழக்கத்தைவிடச் சிறிதாக, காய்ந்து, மேலே சளிப்படலம் மூடிய லத்தி உருண்டைகள் விழுந்தால் குடிநீர் போதவில்லை என்று கொள்ளலாம். விலாப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, முன்காலால் தரையைப் பறிப்பது, படுத்துப் புரள்வது, லத்தி போடாமல் இருப்பது ஆகிய வயிற்றுவலி அறிகுறிகள் தெரிந்தால், மருத்துவரை அழைக்கக் காத்திருக்கக் கூடாது. அந்த நேரத்தில் புட்டியில் எண்ணெய் ஊற்றி வாயில் புகட்டும் கைவைத்தியம் இன்றும் நடக்கிறது. எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கினால் வயிற்றுவலியோடு வந்த குதிரை நுரையீரல் நோயால் சாக நேரும்.

துணை விஷயத்தில் இருவகைத் தவறுகள் நேர்கின்றன. வந்த அன்றே மற்றக் குதிரைகளோடு கலந்துவிடுவது ஒன்று. ஸ்ட்ராங்கில்ஸ் என்னும் தொண்டைக் கழலை நோய் தொற்றிய பின் வெளித்தெரிய 3 முதல் 14 நாள்கள் ஆகலாம். கிளாண்டர்ஸ் என்னும் குதிரைத் தொற்றுநோய் மனிதர்களுக்கும் பரவக்கூடியது என்பதால் அதற்கான இரத்தப் பரிசோதனையை வாங்கும்போதே செய்துவிட வேண்டும். ஆகவே, தனி வாளி, தனித் தூரிகையோடு இரண்டு மூன்று வாரங்கள் பிரித்து வைக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்காக நான்கு சுவர்களுக்குள் அடைப்பது மற்றொரு தவறு. எட்டத்திலாவது இன்னொரு குதிரை கண்ணில் படவேண்டும். வேறு குதிரையே இல்லாத இடத்தில் ஓர் ஆடு துணை நின்றாலும் பல குதிரைகள் அமைதியடைகின்றன. நாள்கள் கழிந்தபின் முதலில் வேலிக்கு இருபுறமும் விட்டு முகர்ந்து பழகச் செய்து, பிறகு மூலைமுடுக்கில்லாத திறந்தவெளியில், புல்லைப் பல குவியல்களாகப் போட்டுச் சேர்த்துவிடலாம்.

தனிமையும் பசியும் நீடித்தால் சில குதிரைகள் கழுத்தை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே நிற்கும். சில கட்டையைப் பல்லால் கவ்விக் காற்றை இழுக்கும். இதைத் தடுக்கக் கழுத்தில் வார் இறுக்குவது, காரணத்தை அப்படியே விட்டுவிட்டு அறிகுறியை மட்டும் நசுக்குவதாகும். புல்லையும் துணையையும் வெளியுலாவையும் கூட்டிக் கொடுப்பதே சரி.

உறக்கத்தை அநேகமாக யாரும் கவனிப்பதில்லை. குதிரை நின்றபடியே கண்ணயரும் என்றாலும், ஆழ்ந்த கனவுறக்கத்துக்குப் படுத்தாக வேண்டும். பயந்திருக்கும் குதிரையோ பல நாள்கள் படுக்காமலே இருந்துவிடும். காலையில் விலாவிலும் வாலிலும் வைக்கோல் துரும்பு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தால் இரவில் படுத்ததா என்பது தெரிந்துவிடும். தடிமனான படுக்கை, அணைத்த விளக்கு, வேடிக்கை பார்க்க வருவோரை நிறுத்தி வைப்பது ஆகியவை போதும். சவாரியை அது படுத்து உறங்கி, நன்றாகத் தின்னத் தொடங்கும் வரை தள்ளிப்போட்டு, அதுவரை கையில் பிடித்து நடத்தி இடத்தைக் காட்டலாம். சில வாரங்களுக்குப் பிறகும் உடல் மெலிந்துகொண்டே போனால், பழகவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருக்காமல் பல்லையும் குடற்புழுவையும் இரைப்பையையும் மருத்துவரைக் கொண்டு சோதிக்க வேண்டும்.