ஒக்டோபரில் அலொட்மென்ட் சாவி கிடைத்தவர்களுக்கு: குளிருக்கு முன் என்ன செய்யலாம்?

அலொட்மென்ட் என்பது மரக்கறி பயிரிட வாடகைக்கு எடுக்கும் நிலத்துண்டு. இங்கிலாந்தில் பல இடங்களில் அதன் வாடகை வருடம் ஒக்டோபரில்தான் தொடங்குகிறது. அதனால் வருடக்கணக்கில் காத்திருந்தவருக்குச் சாவி கையில் வரும்போது, பக்கத்துத் தோட்டக்காரர்கள் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். "இனி மார்ச்சில் பார்ப்போம்" என்று கேற்றைப் பூட்டிவிட்டு வருகிறவர்கள் அதிகம். மார்ச்சில் போய்ப் பார்த்தால் புல் அவர்களை முந்தியிருக்கும்.

ஒக்டோபர் கடைசியிலிருந்து டிசெம்பர் தொடக்கம் வரை செய்யவேண்டியவை இரண்டே இரண்டுதான். வெறும் மண்ணை மூடுவது, உள்ளியையும் (பூண்டு) புரோட் பீன்ஸையும் (பெரிய அவரை வகை) மண்ணுக்குள் இறக்குவது. மற்றதெல்லாம் நேரம் இருந்தால். அந்த நேரமும் சனி, ஞாயிறில் மட்டும்தான் கிடைக்கும். ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளியதும் லண்டனில் நாலரை மணிக்கே பொழுது பட்டுவிடும்.

படி 1: முழுவதையும் கொத்த வேண்டாம்

முழு பிளொட் ஒன்று ஏறக்குறைய 250 சதுர மீற்றர், பாதி பிளொட் 125. முதல் வருடத்தில் பாதியே தாராளம். அதிலும் ஒரு மூலையில் நாலு மீற்றர் நீளத்துக்கு இரண்டு பாத்தி மட்டும் தெரிந்தெடுங்கள், வெயில் படும் பக்கமாக. மிச்சத்தைத் தரையோடு வெட்டிவிட்டு மூடப்போகிறோம்.

மெஷின் வாடகைக்கு எடுத்து ஒரே நாளில் உழுதுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இங்கே 'கவுச்' என்றொரு புல் இருக்கிறது, நம்மூர் அறுகு மாதிரி மண்ணுக்குள் வெள்ளை வேர்த்தண்டு விட்டு ஓடும். மெஷின் அதைத் துண்டுதுண்டாக நறுக்கும். ஒவ்வொரு துண்டும் தனிப் புல்லாக முளைக்கும். பாத்தி போடும் இடத்தில் மட்டும் முள்ளுக் கரண்டியால் கிளறி, வேரை நீளமாக உருவி எடுங்கள். எடுத்ததைக் கொம்போஸ்டில் போடாதீர்கள், அங்கேயும் முளைக்கும்.

படி 2: மிச்ச நிலத்தை மூடுங்கள்

புல்லை வெட்டி அப்படியே விட்டு, மேலே காட்போட் பெட்டிகளை விரியுங்கள். ஒட்டுநாடாவை உரித்துவிட்டு, ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று நன்றாக ஏறும்படி விரிக்க வேண்டும். அதன்மேல் தடித்த கறுப்புப் பிளாஸ்ரிக் விரிப்பு, ஓரங்களில் கல். நவம்பர்க் காற்று லேசுப்பட்டதல்ல, கல்லில் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய காப்பெட் போடுகிறவர்களைப் பார்ப்பீர்கள். பல இடங்களில் அதற்குத் தடை. சாயமும் செயற்கை நாரும் மண்ணில் தங்கிவிடும். நிலத்தை மூடி வைத்திருப்பதைப் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் "பயிரிடவில்லை" என்று கடிதம் வரலாம்.

படி 3: உள்ளி

பூண்டுக்குக் குளிர் வேண்டும். 10 பாகைக்குக் கீழே ஒன்றிரண்டு மாதம் கிடந்தால்தான் பூடு பல்லாகப் பிரியும். இல்லையென்றால் சின்ன வெங்காயம் போல ஒற்றை உருண்டையாக நின்றுவிடும். அதனால்தான் நவம்பர் நடவு.

சுப்பர்மார்க்கெட் உள்ளியை நடாதீர்கள். அது பெரும்பாலும் வெயில் நாட்டு வகை, நோயையும் கூட்டிவரலாம். தோட்டக் கடையில் நடுவதற்கென்றே விற்பதை வாங்குங்கள். 'சொலென்ட் வைட்' தொடங்குகிறவர்களுக்கு நல்லது, நாள்பட வைத்திருக்கலாம்.

நடும் அன்றைக்குத்தான் பல்லைப் பிரிக்க வேண்டும். வெளிச்சுற்றில் உள்ள தடித்த பல்லுகளை எடுத்து, நடுவில் கிடக்கும் மெல்லியதுகளை ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தோலை உரிக்கக் கூடாது. தட்டையான அடி கீழே, கூர் மேலே. கூருக்கு மேல் இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் மண். பல்லுக்குப் பல் 15 சென்ரிமீற்றர், வரிசைக்கு வரிசை 30. பல்லைப் பிடித்து மண்ணில் அழுத்தி இறக்காதீர்கள், அடி நசிந்தால் அழுகும். விரலால் குழி போட்டு வைத்து மூடுங்கள்.

அடுத்த சனிக்கிழமை போனால் சில பல்லுகள் மண்ணுக்கு மேலே கிடக்கும். பல்லின் காய்ந்த நுனியைப் பறவைகள் புழுவென்று நினைத்து இழுத்திருக்கும். திரும்ப நட்டுவிட்டு மேலே வலை போட்டால் சரி.

லண்டன் களிமண்ணில் தண்ணீர் தேங்கும் பிளொட் என்றால் 10 சென்ரிமீற்றர் உயரத்துக்கு வரம்பு கட்டி, அதன்மேல் நடுங்கள். முன்பு அந்த நிலத்தை வைத்திருந்தவர் எங்கே வெங்காயம் போட்டார் என்று பக்கத்தில் விசாரிப்பதும் நல்லது. வெள்ளை அழுகல் என்றொரு பூஞ்சை நோய் பல வருடம் மண்ணில் கிடக்கும்; அது வந்த இடத்தில் உள்ளி, வெங்காயம், லீக்ஸ் எதுவும் வேண்டாம்.

படி 4: புரோட் பீன்ஸ்

குளிர் தாங்கும் வகையாகக் கேட்டு வாங்குங்கள், 'அக்குவாடுல்ஸ் குளோடியா' எங்கும் கிடைக்கும். 5 சென்ரிமீற்றர் ஆழம், 20 சென்ரிமீற்றர் இடைவெளி. எலி தோண்டித் தின்னும் என்பதால் வரிசைக் கடைசியில் நாலைந்து விதை கூடுதலாகப் போட்டு வையுங்கள்; இடைவெளி விழுந்தால் அங்கிருந்து பிடுங்கி நடலாம். மே கடைசி, ஜூனில் காய்க்கும். வசந்தத்தில் விதைத்ததைவிடக் கறுப்பு அசுவினித் தொல்லை இதில் குறைவு. பிஞ்சாகப் பறித்துத் தேங்காய்ப்பூப் போட்டு வறை வைத்தால், அலொட்மென்ட் வாடகை அன்றைக்கே கழிந்த மாதிரி.

படி 5: ஏற்கனவே நிற்கும் மரக்கறி

முன்பு இருந்தவர் விட்டுப்போன கேல் என்ற இலைக்கோவாவோ முளைக்கோவாவோ (பிரஸ்ஸல்ஸ் ஸ்பிரவுட்ஸ்) நின்றால் அதிர்ஷ்டம். மஞ்சள் இலையைக் கழித்து, அடியில் மண்ணை மிதித்து இறுக்கி, காற்றுக்குச் சாயாமல் தடி நட்டுக் கட்டுங்கள். புறாவுக்கு வலை கட்டாயம். இலையில் படாமல் உயர்த்திக் கட்ட வேண்டும், பட்டால் வலைக்கு மேலே இருந்தே கொத்தும். பாஸ்னிப் (வெள்ளைக் கரட் போன்ற கிழங்கு) இருந்தால் உறைபனி விழும்வரை கிண்டாதீர்கள், குளிர் பட்டால்தான் இனிப்பு ஏறும்.

போஞ்சிக் கொடி காய்ந்து நின்றால் தரையோடு வெட்டி வேரை மண்ணில் விடலாம். உருளைக்கிழங்கு மட்டும் ஒன்று விடாமல் கிண்டி எடுங்கள். கருகல் நோய் கிழங்குக்குள்தான் குளிர்காலத்தைக் கழிக்கிறது.

படி 6: சருகும் பசளையும்

சருகு இலவசம். கறுப்புக் குப்பைப் பையில் ஈரச் சருகை அடைத்து, பையில் ஓட்டை போட்டு, கொட்டிலுக்குப் பின்னால் எறிந்துவிடுங்கள். ஒரு வருடத்தில் நிலப்போர்வையாக விரிக்கலாம், இரண்டு வருடத்தில் நல்ல மக்கு.

குதிரைப் பசளையும் சில இடங்களில் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் புல்லுக்கு அடிக்கும் 'அமினோபைரலிட்' என்ற களைகொல்லி, குதிரை தின்னும் காய்ந்த புல்லில் தங்கி, குதிரை வயிற்றைக் கடந்து, பசளையிலும் அழியாமல் இருக்கும். தக்காளி, போஞ்சி, உருளைக்கிழங்கு எல்லாம் அதில் சுருண்டு போகும். மிஞ்சிய புரோட் பீன்ஸ் இங்கே கைகொடுக்கும். பசளையும் தொட்டிமண்ணும் சரிபாதி கலந்த சட்டியில் சில விதை, வெறும் தொட்டிமண்ணில் சில விதை போட்டு வீட்டு ஜன்னலில் வையுங்கள். பசளைச் சட்டியில் மட்டும் இலை கிண்ணம்போலச் சுருண்டால் அந்தப் பசளை வேண்டாம். நன்றாக வந்தால் 5 சென்ரிமீற்றர் கனத்துக்கு வெறும் பாத்திகளில் பரப்புங்கள், கொத்திக் கலக்கத் தேவையில்லை. அடுத்த வருடம் கரட் போடும் பாத்திக்கு மட்டும் கூடாது, கிழங்கு கிளைத்துவிடும்.

ஈர மண்ணில் நடக்காதீர்கள், பலகை போட்டு அதில் நில்லுங்கள்.

படி 7: பூட்டுவதற்கு முன்

பல இடங்களில் குளிர்காலத்துக்குப் பைப் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். ஹோஸைக் காலியாக்கிச் சுருட்டுங்கள், வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள். குப்பையை எரிக்க உங்கள் இடத்தில் அனுமதி உண்டா, எந்த மாதங்களில் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். அனுமதி இருந்தாலும், குவித்து வைத்ததை அப்படியே கொளுத்தாமல் எரிக்கும் அன்று வேறிடத்துக்கு மாற்றிக் குவியுங்கள். நவம்பரில் முள்ளெலிகள் அதற்குள் புகுந்து படுத்திருக்கும்.