மின்புலத்தில் நீர்: மூலக்கூறு இயக்கவியலில் ஓட்டிப் பார்ப்பது எப்படி

மூலக்கூறு இயக்கவியல் என்பது அணுக்களின் அசைவைக் கணினியில் படிப்படியாகக் கணக்கிடும் முறை. அதில் நீருக்கு மின்புலம் கொடுக்க உள்ளீட்டுக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரியில் எந்த எண்ணைப் போடுவது, அது எந்தப் புலத்தைக் குறிக்கிறது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

பக்கம் 4 நானோமீட்டர் உள்ள கனசதுரப் பெட்டியில் எஸ்பிசி/ஈ (நீர் மூலக்கூறின் ஓர் எளிய கணினி மாதிரி) நீரை நிரப்புங்கள். சுமார் 2,130 மூலக்கூறுகள் பிடிக்கும். நிலைமின் விசைக்குப் பிஎம்இ (தொலைதூர மின்விசையையும் சேர்த்துக் கணக்கிடும் முறை), விசைகளை நேரடியாகக் கணக்கிடும் வெட்டுத்தூரம் 1 நானோமீட்டர், ஒவ்வொரு கணக்கீட்டுப் படிக்கும் 2 ஃபெம்டோநொடி. முதலில் புலம் இல்லாமல் 298 கெல்வின், 1 பாரில் 1 நானோநொடி என்பிடி (அழுத்தமும் வெப்பநிலையும் மாறாத ஓட்டம்) ஓட்டுங்கள். அடர்த்தி நிலைத்ததும் பெட்டி அளவைப் பூட்டி என்விடிக்கு (கனஅளவும் வெப்பநிலையும் மாறாத ஓட்டம்) மாறிய பிறகே புலம்.

குரோமாக்ஸ் மென்பொருளில் இசட் திசைப் புலத்துக்கு நான்கு எண்கள்: வீச்சு, கோண அதிர்வெண், துடிப்பின் மைய நேரம், அகலம். மாறாப் புலத்துக்கு 0.05 0 0 0 என்று எழுதுங்கள். அலகு வோல்ட்/நானோமீட்டர். லாம்ப்ஸ் என்ற மற்றொரு மென்பொருளின் ‘ரியல்’ அலகுத் தொகுப்பிலோ வோல்ட்/ஆங்ஸ்ட்ராம் என்பதால் இதே புலம் அங்கே 0.005. இந்தப் பத்து மடங்கு யாரையும் விடுவதில்லை.

ஏன் 0.05? இந்தப் பெட்டியின் மொத்த இருமுனைத் திருப்புத்திறன் (நேர், எதிர் மின்னூட்டங்கள் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதன் அளவு, அலகு டிபை) புலமே இல்லாதபோதும் ஒவ்வொரு திசையிலும் சுமார் 120 டிபை அளவுக்கு ஆடிக்கொண்டே இருக்கும். 0.05 போட்டால் இசட் திசையில் சராசரி 600 டிபை அருகே வரும். 10 நானோநொடி ஓட்டினால் பிழை ஒரு சதவீதம்தான். 0.005 என்றால் சராசரி 60 டிபை, அதே ஓட்டத்தில் பிழை பத்து சதவீதத்தை நெருங்கும். மறுபக்கம் 0.5 என்றால், ஒரு மூலக்கூறின் புல ஆற்றலே வெப்ப ஆற்றலுக்குச் சமமாகிவிடும். புலம் கூடும் அதே விகிதத்தில் திருப்புத்திறனும் கூடும் என்ற நேர்கோட்டு உறவை அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

முதல் 100 பிக்கோநொடியைத் தள்ளிவிட்டு, இசட் திசைத் திருப்புத்திறனின் சராசரி எடுங்கள். அதைப் பெட்டியின் கனஅளவு, புலம், வெற்றிட விடுதிறன் மூன்றாலும் வகுத்து 1 கூட்டினால் ஒப்புமை விடுதிறன் (நீர் மின்புலத்தை எத்தனை மடங்கு குறைக்கிறது என்ற எண்) கிடைக்கும். எஸ்பிசி/ஈக்கு 70ஐ ஒட்டி வர வேண்டும். உண்மை நீரின் 78 வரவில்லையே என்று அலையாதீர்கள், அது மாதிரியின் குணம்.

600க்குப் பதில் 8 டிபை வந்தால்? மெல்லிய நீர்ப்படலத்தின் மேலும் கீழும் வெற்றிடம் விட்டு, படலத் திருத்தமும் (படலத்தின் நகல்கள் ஒன்றையொன்று மின்விசையால் பாதிக்காமல் இருக்கச் செய்யும் திருத்தம்) போட்டிருப்பீர்கள். அந்த அமைப்பில் நீங்கள் கொடுக்கும் எண் வெளிப்புலம். நீருக்குள் அது சுமார் எழுபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். முழுதும் நிரம்பிய பெட்டியில் வழக்கமான பிஎம்இ எல்லை நிபந்தனையோடு ஓட்டினால், அதே எண் நீருக்குள் இருக்கும் மொத்தப் புலம்.

உப்பு கலந்தால் கணக்கே வேறு. அயனிகள் பெட்டி எல்லையைத் தாண்டி மறுபக்கம் நுழைவதால் மொத்தத் திருப்புத்திறனுக்குப் பொருளில்லை. மடிக்காத ஆயங்களிலிருந்து (எல்லையைத் தாண்டினாலும் பெட்டிக்குள் திருப்பிக் கொண்டுவராத நிலைகள்) நகர்வு வேகத்தை எடுங்கள். மின்னோட்டம் தொடர்ந்து வெப்பம் தரும். தெர்மோஸ்டாட் (வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கணக்கு) அந்த நகர்வையும் வெப்பமாக எண்ணித் தணிக்கப் பார்க்கும் என்பதால், லாம்ப்ஸில் புலத்துக்குச் செங்குத்தான இரு திசைகளின் வேகத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம். நிகர மின்னூட்டம் பூஜ்யமா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் பெட்டி முழுவதும் ஒரே பக்கமாக முடுக்கப்படும், நிறைமைய நீக்கம் (பெட்டியின் ஒட்டுமொத்த நகர்வைக் கழித்துவிடும் வசதி) அதை மறைத்துவிடும்.

உச்ச வரம்பும் உண்டு. எலக்ட்ரான்களையும் கணக்கிடும் குவாண்டம் உருவகங்களில் 3.5 வோல்ட்/நானோமீட்டரை ஒட்டி நீர் மூலக்கூறுகள் பிளக்கத் தொடங்குகின்றன. எஸ்பிசி/ஈக்குப் பிணைப்பை உடைக்கவே தெரியாது. அவ்வளவு வலிய புலத்திலும் அது ஒரு பிழைச் செய்தியும் காட்டாமல் ஓடி முடியும்.