கிட்டாருக்கு ஸ்ப்ரூஸ் பலகை பார்த்து வாங்குவது

நான் செய்த ஐந்தாவது கிட்டாரை வாங்கிக்கொள்ள வந்த தம்பி, அதை ஜன்னலோரம் எடுத்துப் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணா, ரெண்டு பக்கமும் வேற வேற மரமா?" என்று கேட்டார். ஒரே மரம்தான். ஒரே கட்டையை இரண்டாக அறுத்து, புத்தகத்தை விரிப்பது போல விரித்து, நடுவில் ஒட்டிய முகப்பலகை, அதாவது கிட்டாரின் முன்பக்கப் பலகை. ஆனாலும் அவர் கண்ணில் பட்டது உண்மை. இடது பாதி வெளுப்பாகவும் வலது பாதி மங்கலான பழுப்பாகவும் தெரிந்தன. கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்தால் வெளுப்பும் பழுப்பும் இடம் மாறின. அந்தப் பலகைக்கு நான் 180 டாலர் கொடுத்திருந்தேன். விற்றவர் அதில் 'மாஸ்டர் கிரேடு' என்று பென்சிலால் எழுதியிருந்தார்.

அன்றிலிருந்து ஸ்ப்ரூஸ் என்ற அந்த ஊசியிலை மரத்தை வாங்கும் விதத்தையே மாற்றிக்கொண்டேன். நான் இருப்பது கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவருக்குப் பக்கத்தில். பகலில் சமையலறை அலமாரி செய்யும் பட்டறையில் வேலை, மாலையில் வீட்டு கராஜில் கிட்டார். வருடத்துக்கு நான்கு கிட்டார், கூடினால் ஐந்து. அலாஸ்காவிலிருந்து வட கலிபோர்னியா வரை கடலோரமாக வளரும் சிட்கா ஸ்ப்ரூஸ்தான் எனக்குப் பக்கத்து மரம். அதனால் கீழே சொல்வதில் சிட்கா வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். முறை எல்லா ஸ்ப்ரூஸுக்கும் ஒன்றுதான்.

முதலில் அந்த எழுத்துகள். ஏ, இரட்டை ஏ, மூன்று ஏ, நான்கு ஏ, மாஸ்டர் என்று போடுகிறார்களே, அதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒவ்வொரு விற்பனையாளரும் தன் கண்ணுக்குப் பட்டபடி போடுகிறார். ஒருவரின் இரட்டை ஏ இன்னொருவரின் நான்கு ஏ-வாக இருக்கலாம். அவர்கள் பெரும்பாலும் பார்ப்பது அழகை: நிறம் ஒரே சீராக இருக்கிறதா, ஆண்டு வளையக் கோடுகள் நெருக்கமாகவும் நேராகவும் இருக்கின்றனவா, கறை இல்லையா. வாங்குபவர் கிட்டாரை முதலில் கண்ணால்தான் பார்க்கிறார் என்பதால் அழகுக்கு விலை இருப்பதில் தப்பில்லை. ஆனால் கம்பி ஏற்றிய பிறகு பலகை செய்ய வேண்டிய வேலையைப் பற்றி அந்த எழுத்து எதுவும் சொல்வதில்லை. ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுவிசையோடு பிரிட்ஜை, அதாவது பலகை மேல் ஒட்டிய கம்பி மாட்டும் கட்டையை, பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். அதைத் தாங்குவது 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு பலகை. தாங்கினால் மட்டும் போதாது, அதிரவும் வேண்டும். ஸ்பெயினில் ஆன்டோனியோ டி டோரஸ் என்ற கிட்டார் கைவினைஞர் 1862ல் பக்கங்களையும் பின்புறத்தையும் காகித அட்டைக் கூழில் செய்து, முகத்தை மட்டும் ஸ்ப்ரூஸில் வைத்து ஒரு கிட்டார் செய்தார். அது இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முகப்பலகைதான் கிட்டார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

பலகை கைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது அதன் முனையை. ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். முனையில் பார்த்தால் சீப்பின் பற்கள் போல நேராக இருக்கும். ஐந்தாறு டிகிரி சாய்வு பரவாயில்லை. பதினைந்தைத் தாண்டினால் நான் வைத்துவிடுவேன். வளையம் சாயச் சாய ஸ்ப்ரூஸின் குறுக்குவாட்டு விறைப்பு வேகமாக விழுந்துவிடும், 45 டிகிரியில் அடிமட்டத்துக்கே போய்விடும். பலகையின் நீண்ட ஓரங்கள் இரண்டையும் பிடித்து, குறுக்கே மெல்ல வளைத்துப் பாருங்கள். சரியாக அறுத்த பலகை கையை எதிர்க்கும். சாய்வாக அறுத்தது ஈர அட்டை போல மடங்கிக் கொடுக்கும். இன்னொரு அடையாளம், முகத்தில் குறுக்காக மினுங்கும் பட்டு போன்ற கீற்றுகள். மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஓடும் கதிர்நார்கள் அவை. வளையம் செங்குத்தாக இருந்தால்தான் அவை முகத்தில் படுத்த மாதிரி தெரியும். பலகையின் ஒரு ஓரத்தில் பட்டு நிறைய இருந்து மறு ஓரத்தில் மறைந்துவிட்டால், அங்கே வளையம் சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். அழகுக்காகப் பார்க்கப்படுகிறவற்றில் எனக்குப் பயன்படுகிற ஒன்று இந்தப் பட்டு.

இனி, என்னை 180 டாலருக்கு ஏமாற வைத்த விஷயம். தொழிலில் இதை ரன்அவுட் என்பார்கள். மரம் வளரும்போது பல சமயம் நார் நேராக மேலே போகாது, கயிறு முறுக்கியது போலச் சுற்றிக்கொண்டு போகும். அதை நேராக ரம்பத்தில் அறுத்தால் நார் பலகையோடு ஓடாமல், முகத்திலிருந்து சரிந்து அடிப்பக்கம் வெளியேறும். மேலே நின்று பார்த்தால் வளையக் கோடுகள் கோடு போட்ட நோட்டு மாதிரி நேராகத்தான் இருக்கும். அதனால்தான் முகத்திலுள்ள கோடுகளைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒட்டி முடித்த பிறகு ஒரு பாதியில் நார்முனைகள் நம்மை நோக்கியும் மறு பாதியில் விலகியும் இருப்பதால் வெளிச்சம் இரண்டிலும் வேறுவிதமாகப் படுகிறது. அந்தத் தம்பி பார்த்த இரண்டு நிறம் அதுதான்.

பார்க்க வேண்டிய இடம் பலகையின் மெல்லிய ஓரம். நீண்ட ஓரத்தை இழைப்புளியால் ஒரு தடவை இழைத்துச் சுத்தம் செய்யுங்கள், அல்லது விற்பவரிடம் கேட்டுக்கொண்டு 220ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் கோடுகள், பென்சிலால் லேசாகக் கீறியது போல, அரை மில்லி, ஒரு மில்லி நீளத்தில் தெரியும். கதிர்நார்களின் முனைகள் அவை. நார் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே அவையும் நீண்டிருக்கும். அந்தக் கோடுகள் பலகையின் முகத்துக்கு இணையாகப் போனால் நீங்கள் நல்ல பலகையைப் பிடித்திருக்கிறீர்கள். சாய்ந்து போனால், எவ்வளவு சாய்வு என்று அளந்துகொள்ளுங்கள். 25 மில்லி தூரத்தில் 1 மில்லி இறங்கினால் அது இரண்டே கால் டிகிரி. கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் இழைத்து முடித்த 3 மில்லி தடிமனில் அந்த நார் 75 மில்லி ஓடுவதற்குள் மேலிருந்து அடி வரை வந்து வெளியேறிவிடும். நான் அதுவரைதான் ஒத்துக்கொள்வேன். அதற்கு மேல் போனால் இழைக்கும்போது ஒரு பாதி வழவழப்பாக வரும், மறு பாதி பிய்ந்துகொண்டு வரும். பிரிட்ஜ் ஒட்டிய இடத்தில் நார் மேலெழும் ஆபத்தும் கூடும்.

கட்டையாக வாங்குபவர்களுக்கு இன்னும் நேரான வழி உண்டு. ரம்பம் போடாமல் பிளந்துவிடுங்கள். ஒரு தடவை பழைய சிட்கா தடி ஒன்றிலிருந்து ஆப்பு வடிவக் கட்டை கிடைத்தது. முனையில் வளையத்துக்குக் குறுக்காகக் கோடரியை வைத்து, மரச்சுத்தியால் இரண்டு அடி. தேங்காய் மட்டை கிழிவது போல ஒரு சத்தத்தோடு பிளந்துகொண்டு போனது. முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், மேல் முனையிலிருந்து கீழ் முனைக்கு வருவதற்குள் இரண்டு விரல்கடை முறுக்கியிருந்தது. ரம்பத்தில் கொடுத்திருந்தால் எட்டு அழகான பலகை வந்திருக்கும், எட்டும் ரன்அவுட்டோடு. அந்தக் கட்டையிலிருந்து உள்பக்கத் தாங்கு சட்டங்களுக்கான குச்சிகளை மட்டும் பிளந்து எடுத்துக்கொண்டேன்.

சரி, அறுப்பும் நாரும் தேறிவிட்டன. அப்புறம் தராசு. சமையலறைத் தராசு போதும். எஃகுக் கம்பி கிட்டாருக்கு ஒரு பாதி பெரும்பாலும் 56 சென்டிமீட்டர் நீளம், 21.5 அகலம், 4.5 மில்லி தடிமன் இருக்கும். பெருக்கினால் கிட்டத்தட்ட 542 கன சென்டிமீட்டர். பலகை 228 கிராம் இருந்தால் அடர்த்தி 0.42, அதாவது கன மீட்டருக்கு 420 கிலோ. சிட்காவுக்கு இது நடுத்தரமான எடை. ராக்கி மலைகளிலிருந்து வரும் எங்கல்மன் ஸ்ப்ரூஸ் பொதுவாக இதைவிட இலேசு. பின்பலகைக்கு நான் விரும்பிப் போடும் நம் ஊர் ஈட்டி மரம் இதைப் போல இரண்டு மடங்கு கனம்.

எடை மட்டும் தெரிந்தால் பாதிதான் தெரிந்த மாதிரி. பலகையை 50 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு குச்சிகள் மேல் வைத்து, நடுவில் 1 கிலோ எடையை ஏற்றி, டயல் கேஜ் என்ற முள் அளவுகருவியில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பேன். மேலே சொன்ன அளவுள்ள பலகை 1.3 மில்லி இறங்கினால் நல்ல விறைப்பு. 1.7 இறங்கினால் நெகிழ்ச்சியான பலகை. தடிமனைக் காலிப்பரில் சரியாக அளந்துவிட்டு ஒப்பிடுங்கள், ஏனென்றால் தடிமன் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வளைவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். நான் தேடுவது எடை குறைந்து விறைப்பு கூடிய பலகை. 1.7 இறங்கும் பலகையைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. எடை இலேசாக இருந்தால் அதைக் கொஞ்சம் தடிமனாக விட்டு விறைப்பைத் திரும்பப் பெறலாம். எடையும் கூடி விறைப்பும் இல்லாத பலகைதான் உதவாது.

தட்டிப் பார்ப்பதையும் செய்கிறேன். முனையிலிருந்து நீளத்தில் 22 சதவீதம், அதாவது 56 சென்டிமீட்டர் பலகைக்குப் பன்னிரண்டரை சென்டிமீட்டர் தள்ளி, விரல் நுனியால் தொங்கவிட்டு நடுவில் தட்ட வேண்டும். அந்த இடம் அதிராது என்பதால் விரல் சத்தத்தை அடக்காது. மணி போல நீண்டு ஒலித்தால் மனசுக்குச் சந்தோஷம். ஆனால் அளவு வேறுபட்ட இரண்டு பலகைகளைத் தட்டி ஒப்பிடாதீர்கள். பெரியது எப்போதும் தாழ்ந்த சுரத்தில்தான் பேசும்.

வளைய நெருக்கத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரு அங்குலத்துக்கு 12லிருந்து 20 கோடு என்பது வழக்கமாகக் கிடைப்பது. 8 கோடு உள்ள பலகையும் வாங்கியிருக்கிறேன், 25 கோட்டை விட விறைப்பாக இருந்தது. அமெரிக்காவில் மார்ட்டின் கம்பெனி 1940களின் நடுப்பகுதி வரை பயன்படுத்திய அடிரான்டாக் ஸ்ப்ரூஸில் அகலமான வளையம் சாதாரணம். அந்தக் கிட்டார்களுக்கு இன்று யாரும் குறை சொல்வதில்லை.

குறைகளில் விடவே கூடாதவை சில. முடிச்சு, பிசின் பை. வளையத்தின் கருத்த பகுதி மட்டும் செம்பழுப்பாக, அகலமாக, களையிழந்து இருந்தால் அது சாய்ந்து வளர்ந்த மரத்தில் உண்டாகும் அழுத்த மரம். நீளவாக்கிலேயே சுருங்கிப் பலகையை வில்லாக வளைத்துவிடும். இன்னொன்று, மரம் காற்றில் வளைந்ததிலோ விழுந்ததிலோ நார் நசுங்கி, குறுக்கே மயிரிழைக் கோடு விழுந்திருக்கும். 2018 அக்டோபர் புயலில் வட இத்தாலியின் ஃபியெம்மே பள்ளத்தாக்குப் பக்கம் ஏராளமான ஸ்ப்ரூஸ் மரங்கள் சாய்ந்தன. அப்படிச் சாய்ந்த மரத்துப் பலகை என்றால் இந்தக் கோட்டைத் தேடாமல் வாங்க வேண்டாம். பலகை மேல் தின்னரைத் துணியில் தொட்டுத் துடைத்தால் வெடிப்பு இருக்கும் இடம் மட்டும் ஈரக்கோடாகக் கடைசி வரை நிற்கும். நீலக்கறை, நிறப்பட்டை, கரடி நகம் கீறியது போன்ற சுருள் எல்லாம் கண்ணுக்குத்தான். விலையைக் குறைத்துக் கேட்க உதவும்.

தபாலில் வாங்குபவர்கள் விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள். முனையின் நெருக்கப் படம் ஒன்று. இரண்டு பாதிகளையும் விரித்து வைத்து, ஒரு முனைப் பக்கம் விளக்கைச் சாய்வாக வைத்து எடுத்த படம் ஒன்று. அதே விளக்கை எதிர் முனைக்கு மாற்றி எடுத்த படம் ஒன்று. இரண்டு விளக்குப் படங்களிலும் பாதிகளின் நிறம் இடம் மாறினால் ரன்அவுட் இருக்கிறது. கூடவே எடையையும் தடிமனையும் கேளுங்கள். இந்த இரண்டு எண்ணைச் சொல்லத் தயங்குகிறவரிடம் நான் வாங்குவதில்லை.

வந்த பலகையை அன்றைக்கே ஒட்டிவிடாதீர்கள். எடை போட்டு, தேதியோடு அதன் மூலையில் எழுதுங்கள். நடுவில் சிறு குச்சிகள் வைத்துக் காற்றோட்டமாக அடுக்கி, ஈரப்பதம் 45 சதவீதம் உள்ள அறையில் வையுங்கள். வாரா வாரம் எடை போடுங்கள். எண் இறங்குவது நின்ற பிறகுதான் வேலைக்கு எடுக்க வேண்டும். போன குளிர்காலத்தில் வந்த ஒரு ஜோடியின் ஒரு பாதி 236 கிராம் இருந்தது. மூன்று வாரத்தில் 228க்கு வந்து நின்றது. மறு பாதி 226. ஒற்றை ஏ என்று போட்டு விற்ற பலகை, 45 டாலர். இடது ஓரம் நெடுக ஒரு பழுப்புப் பட்டை ஓடுகிறது. ஓரத்தை லென்ஸில் பார்த்தேன், கோடுகள் முகத்தோடு ஒட்டி நேராகப் போகின்றன. 1 கிலோவுக்கு 1.2 மில்லிதான் இறங்கியது. அந்தத் தம்பி, தன் அக்காவுக்கு ஒரு கிட்டார் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பட்டையைக் காட்டி, இது நிறம் மட்டும்தான் என்று சொன்னேன். இந்தத் தடவை அவரே பலகையை ஜன்னலோரம் கொண்டு போய் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதையே போடுங்க அண்ணா" என்றார்.