சாம்பார் பொடி அரைக்கும்போது கப்பி (சலித்தால் சல்லடையில் தங்கும் கொரகொரப்பு) ஏன் இவ்வளவு மிஞ்சுகிறது?

அளவு வீட்டுக்கு வீடு மாறும். நான் போடுவது தனியா கால் கிலோ, மிளகாய் வற்றல் 150 கிராம், துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் 50 கிராம் வீதம், மிளகு 25 கிராம், வெந்தயம் 10 கிராம், விரலி மஞ்சள் ரெண்டு, கொஞ்சம் கட்டிப் பெருங்காயம். வறுக்கிறதெல்லாம் உங்களுக்கே தெரியும், நேரே மிக்ஸிக்குப் போகலாம்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி ஓட்டினால் பருப்பு முதல் சுற்றிலேயே நொறுங்கி மாவாகிவிடும். அந்த மாவு நடுவில் நிறைந்து நிற்பதால் பிளேடின் அடி மஞ்சள் மேல் முழுசாக விழாது. மஞ்சளுக்காக இன்னும் ஓட்ட ஓட்ட, ஏற்கெனவே நைஸான பருப்புதான் மேலும் நைஸாகி ஜார் ஓரத்தில் அப்பிக்கொள்ளும், சூடேறி வாசனையும் போகும், மஞ்சள் துண்டு மட்டும் அப்படியே கிடக்கும்.

அதனால் மஞ்சளில் தொடங்குங்கள். அதை வேகவைத்துத்தான் காயவைக்கிறார்கள், உள்ளே இருக்கும் மாவுச்சத்து இறுகிக் கொம்பு மாதிரி ஆகிவிடுகிறது. முழுசாக மிக்ஸியில் போடவே போடாதீர்கள். துணியில் சுற்றி இடிகல்லில் தட்டி, மிளகு அளவுக்கு வந்ததும் மிளகு, வெந்தயத்தோடு சேர்த்துச் சின்ன ஜாரில் அரையுங்கள். பெரிய ஜார் வேண்டாம், கொஞ்சம் சாமான் போட்டால் மூடி வரைக்கும் தெறிக்குமே தவிர அரைபடாது.

அடுத்தது மிளகாய். இது கடினமே இல்லை, ஆனால் ஈரம் இருந்தால் உடையாமல் வளையும். நல்ல வெயிலில் காய்ந்து, மடக்கினால் சடக்கென்று ஒடிய வேண்டும். தனியாகப் போட்டால் தோல் லேசாக இருப்பதால் பிளேடுக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும், தனியாவோடு போட்டால் கீழே இறங்கும். வெறும் மிளகாய்த்தூள் என்றால் ஒரு கைப்பிடி கல் உப்பு போடுங்கள், குழம்பில் உப்பைக் குறைத்துக்கொண்டால் சரி.

பெருங்காயக் கட்டி இடித்தால் உடையாமல் நசுங்கும். எண்ணெயில் பொரித்துப் பாருங்கள், உப்பிப் பொரபொரவென்று ஆகி விரலால் அழுத்தினாலே தூளாகும். பருப்பு கடைசியில், மிக்ஸியின் விப்பில் (விட்டு விட்டு ஓட்டும் பக்கம்) நாலு தட்டு தட்டினால் போதும்.

எல்லாம் கலந்து சலித்ததும் மிஞ்சும் கப்பியைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் இருப்பது எல்லாச் சாமானும் சமமாகக் கலந்தது இல்லை, பெரும்பாலும் மஞ்சளும் தனியாத் தோலும் மிளகாய் விதையும்தான். அதை எறிந்தால் பொடியில் பருப்பின் பங்கு கூடிவிடும், நீங்கள் போட்ட அளவுக்கே அர்த்தமில்லை. மறுபடி சின்ன ஜாரில் ஓட்டிச் சேருங்கள். சிமெண்ட் ஆலையிலும் இதே கதைதான்: கிளிங்கரையும் (சூளையில் சுட்டெடுத்த சிமெண்ட் கட்டி) இரும்பாலைக் கசடையும் ஒன்றாக அரைத்தால் கடினமான கசடு பருமனாகவே தங்கும், அதனால் சில ஆலைகளில் தனித்தனியாக அரைத்துக் கலக்கிறார்கள்.

பின்சேர்க்கை: மில்லில் எல்லாம் ஒன்றாகத்தானே போடுகிறார்கள் என்று பலர் கேட்டுவிட்டீர்கள். கல் மில்லில் ரெண்டு கல்லுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைவிடப் பெரிய துண்டு வெளியே வர முடியாது, மிக்ஸியில் அப்படித் தடுக்க ஒன்றும் இல்லை. அங்கே கொண்டுபோனாலும் மஞ்சளைத் தட்டிக் கொண்டுபோங்கள், உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.